செல்லப் பாம்புக்கு சாப்பாடு: எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

பாம்பு வளக்கறேன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு வந்து கேக்கறது பாதிக்கு மேல சாப்பாடு பத்திதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி சொல்லி, சொன்னதையே திரும்ப சொல்ற மாதிரி ஆயிருச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல இருந்து கீழ வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில் நிறைய முன்னாடி சொன்னத வெச்சுதான் இருக்கும்.

பாம்புக்கு பால் வைக்கலாமா? முட்டை, காய், பழம் எதாச்சும் குடுக்கலாமா?

பால் வேணாம், காய் பழமும் வேணாம். பாம்பு முழுக்க முழுக்க மாமிசம் தின்ற ஜீவன், காயைக் குடுத்தா அதுக்கு செரிக்காது. பாலும் அப்படித்தான். ரொம்ப தாகத்துல இருக்கற பாம்பு எது ஈரமா இருந்தாலும் வாய வைக்கும், அதப் பாத்துட்டு பால் பிடிக்கும்னு நெனச்சுக்கறாங்க. பால் பைத்தான்னு ஒரு மலைப்பாம்புக்கு பேர் இருக்கறதால ஒருத்தர் நிஜமாவே சந்தேகமா கேட்டாரு, அந்த பால் வந்து இங்கிலீஷ் பால் (ball), அதாவது பந்து, பயந்தா பந்து மாதிரி சுருண்டு தலைய நடுவுல ஒளிச்சுக்கும், அதனால வந்த பேரு.

வீட்டுல அதிகமா வளக்கற கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக், பால் பைத்தான், போவா எல்லாத்துக்கும் சுண்டெலி இல்லன்னா எலிதான் சாப்பாடு. கார்ட்டர் ஸ்நேக் மீன், மண்புழு சாப்பிடும், அதுக்கு கீழ தனியா எழுதிருக்கேன். முட்டை மட்டுமே தின்ற பாம்பும் ஒண்ணு இருக்கு, ஆப்பிரிக்காவுல இருக்கற முட்டை தின்னிப் பாம்பு. அது முட்டைய முழுசா உள்ள தள்ளி, முதுகெலும்புல இருந்து தொண்டைக்குள்ள நீட்டிட்டு இருக்கற முள்ளு மாதிரி எலும்பால ஒடச்சு, உள்ள இருக்கறத குடிச்சுட்டு ஓட்டை மட்டும் கசக்கின காகிதம் மாதிரி துப்பும். அதுக்கும் கோழி முட்டை ரொம்ப பெருசு, குட்டியா இருந்தா ஃபின்ச் முட்டை, நல்லா வளந்ததுக்கு காடை முட்டை.

எலி போட மனசு வரல. சிக்கன் துண்டு வெட்டிப் போட்டா ஆகாதா?

ஆகாது. மனசு வரலங்கறது எனக்குப் புரியுது, மொத தடவை எனக்கும் கை நடுங்குச்சு. ஆனா பாம்புக்கு வேண்டியது வெறும் சதை இல்ல, முழு உடம்பு. எலும்புல கால்சியம், ஈரல்ல விட்டமின், குடல், தோல், ரோமம் எல்லாம் சேந்துதான் அதோட சாப்பாடு. வெறும் சதையில பாஸ்பரஸ் நிறைய இருக்கும், கால்சியம் ரொம்ப கம்மி, அதையே மாசக்கணக்கா குடுத்தா வளர்ற குட்டிக்கு எலும்பு பலவீனமாயிடும், முதுகு வளையும். எலி குடுக்க முடியவே முடியாதுன்னா பாம்பு வாங்காதீங்க, அதுல தப்பே இல்ல, வேற எத்தனையோ செல்லப் பிராணி இருக்கு.

அண்ணா என் கார்ன் குட்டிக்கு எந்த சைஸ் எலி போடணும்? வாய் இத்துனூண்டு இருக்கே

வாயப் பாத்து கணக்கு போடாதீங்க. பாம்போட கீழ்த்தாடை ரெண்டு பக்கமும் நடுவுல ஒட்டி இருக்காது, ரப்பர் மாதிரி இழுபடற தசைநாராலதான் சேந்திருக்கும், அதனால தலைய விட பெருசா இருக்கறதையும் உள்ள தள்ளிடும். தாடை கழண்டுக்குதுன்னு சொல்றாங்க, அப்படி எதுவும் கழறது இல்ல. நீங்க பாக்க வேண்டியது பாம்போட உடம்புல ரொம்ப தடிமனா இருக்கற எடம். எலி அந்த தடிமன் இருக்கணும், இல்ல அதவிட கொஞ்சம் கூட, ஒண்ணேகால் மடங்கு வரை போகலாம்.

ரோமம் மொளைக்காத எலிக்குஞ்சு பிங்கி, சுண்டெலி பிங்கி 1-ல இருந்து 3 கிராம் இருக்கும். லேசா ரோமம் வந்தது ஃபஸ்ஸி, 3 டு 6 கிராம். கண்ணு தொறந்து குதிக்க ஆரம்பிச்சது ஹாப்பர், 7 டு 12. நல்லா வளந்த சுண்டெலி 20, 30 கிராம். முட்டைய விட்டு வந்த கார்ன் குட்டிக்கு பிங்கி போதும். பால் பைத்தான் குட்டி பொறக்கும்போதே 50, 60 கிராமுக்கு மேல இருக்கும், அது நேரா சுண்டெலி ஹாப்பர் இல்லன்னா பெரிய எலியோட குஞ்சுல ஆரம்பிக்கலாம்.

எடைக் கணக்கும் சிலர் சொல்வாங்க, வளர்ற பாம்புக்கு அதோட எடையில 10-15 சதவீதம், பெரிய பால் பைத்தானுக்கு 5 சதவீதம் பக்கம். நல்ல கணக்குதான், ஆனா ரொம்ப சின்ன குட்டிக்கு ஒத்து வராது. 7 கிராம் கார்ன் குட்டிக்கு 2 கிராம் பிங்கின்னா சதவீதம் ரொம்ப அதிகமா தெரியும், ஆனா பிங்கி மெத்துன்னு இருக்கும், எலும்பு இன்னும் இறுகியிருக்காது, சுலபமா செரிச்சுடும். சாப்பிட்ட அப்புறம் லேசா ஒரு புடைப்பு தெரியணும். செதில் எல்லாம் விலகி நடுவுல தோல் பளபளன்னு தெரிஞ்சா அடுத்த தடவை ஒரு சைஸ் கம்மி பண்ணுங்க.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை போடணும்? தினமும் வேணாமா?

தினமும் வேணாம். குட்டிக்கு 5-7 நாளுக்கு ஒரு தடவை. ஒரு வயசு பக்கம் வந்ததும் 7-10 நாள். நல்லா வளந்த கார்ன், கிங் மாதிரி பாம்புக்கு 10-14 நாள். பெரிய பால் பைத்தானுக்கு 2-ல இருந்து 4 வாரம். பெரிய போவாவுக்கு மாசத்துக்கு ஒண்ணு, சில சமயம் அதுக்கும் மேல. நமக்கு மூணு வேளை சாப்பிட்டு பழக்கம், அதனால பாம்பு பட்டினி கெடக்குதோன்னு மனசு அடிச்சுக்கும். நாம சாப்பாட்ட எரிச்சுதான் உடம்ப சூடா வெச்சுக்கறோம், பாம்பு வெளிய இருந்து சூடு வாங்கிக்குது, அதனால அதுக்கு ரொம்ப கொஞ்சம் போதும்.

இன்னிக்குதான் வாங்கிட்டு வந்தேன், இப்பவே ஒண்ணு போட்டுப் பாக்கவா?

வேணாம். 5-7 நாள் அப்படியே விடுங்க. தண்ணி வைங்க, ஒளிஞ்சுக்க எடம் ரெண்டு வைங்க, சூடான பக்கம் ஒண்ணு, குளிரான பக்கம் ஒண்ணு, தூக்காதீங்க, கண்ணாடியத் தட்டாதீங்க. வாங்கும்போதே ஒண்ணு கேட்டு வெச்சுக்கோங்க: கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு, என்ன சைஸ் எலி, உயிரோடயா ஃப்ரோஸனா (ஒறைய வெச்சதா). அந்த மூணும் தெரிஞ்சா பாதி பிரச்சினை வராது.

உயிரோட எலி போட்டாதானே அதுக்கு இயற்கை? ஃப்ரோஸன் எல்லாம் நமக்காகத்தானே?

இல்லங்க, அது பாம்புக்காகத்தான். காட்டுல எலிக்கு ஓட எடம் இருக்கு, டேங்க்ல ஓட எடம் இல்ல, அதனால அது திருப்பிக் கடிக்கும். பசி இல்லாத பாம்பு எலி கடிச்சாலும் அப்படியே கெடக்கும், தடுக்கத் தெரியாது. நான் நேர்ல பாத்த ஒரு பால் பைத்தானுக்கு முதுகுல ஒரு விரல் நீளத்துக்கு சதையே இல்லாம முதுகெலும்பு வெளிய தெரிஞ்சுது. ராத்திரி எலியப் போட்டுட்டு தூங்கப் போயிட்டாங்க, காலையில பாத்தா இந்த நெலம. பொழச்சுக்கிச்சு, ஆனா அந்த எடத்துல கடைசி வரைக்கும் செதில் சரியா வரல.

எலிக்கும் அது நல்லதில்ல, மூடின டப்பாக்குள்ள பயந்து சாகறது. முறையா, வலி இல்லாம கொன்னு ஒறைய வெச்ச எலிதான் ரெண்டு பேருக்கும் நல்லது. வேற வழியே இல்லாம உயிரோட போடறவங்க ஒரு நிமிஷம் கூட கண்ண எடுக்காதீங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல பிடிக்கலன்னா எலிய வெளிய எடுத்துடுங்க. கண்ணு தொறக்காத குஞ்சால மட்டும் இந்த ஆபத்து கிடையாது.

ஃப்ரோஸன் எலிய எப்படி ரெடி பண்றது? மைக்ரோவேவ்ல வெச்சா சீக்கிரம் ஆயிடுமே

மைக்ரோவேவ் மட்டும் வேணவே வேணாம். ஒரு எடத்துல வெந்து போயிடும், இன்னொரு எடம் ஐஸா இருக்கும், சில சமயம் வயிறு வெடிச்சுடும். கொதிக்கற தண்ணில போடறதும் அதே கதைதான்.

மொத நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல, மூடின டப்பால வெச்சுடுங்க. மறுநாள் ஜிப் கவர்ல போட்டு, கை பொறுக்கற சூட்டுல இருக்கற தண்ணில, அதாவது 40 டிகிரி பக்கம், 15-20 நிமிஷம் ஊற வைங்க. பெரிய எலின்னா தண்ணிய ரெண்டு தடவை மாத்தணும். அப்புறம் கட்டைவிரலால வயித்த அமுக்கிப் பாருங்க, உள்ள கல்லு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டா இன்னும் ஐஸ் இருக்குன்னு அர்த்தம், திரும்ப தண்ணில போடுங்க. எல்லா பக்கமும் மெத்துன்னு இருந்தா வெளிய எடுத்து பேப்பர்ல ஈரத்த ஒத்தி எடுத்துட்டு, நீளமான டாங்ஸ்ல (இடுக்கில) பிடிச்சு காட்டுங்க. கையால பிடிச்சுக் காட்டாதீங்க, பால் பைத்தான் மாதிரி பாம்பு சூட்டப் பாத்து அடிக்கும், எலியோட சூடும் உங்க விரலோட சூடும் அதுக்கு ஒண்ணுதான். ஒரு தடவை கரைஞ்சத திரும்ப ஃப்ரீஸர்ல வைக்கக் கூடாது.

இன்னொண்ணு, ஒறைய வெச்சா கிருமி சாகாது. அமெரிக்காவுல 2010-லயும் 2014-லயும் ஃப்ரோஸன் எலி வழியா மனுஷங்களுக்கு சால்மொனெல்லா பரவிருக்கு. அதனால சமையல் பாத்திரத்துல ஊற வைக்காதீங்க, எலிக்குன்னு தனி டப்பா, தனி டாங்ஸ் வைங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க, கர்ப்பமா இருக்கறவங்க, நோய் எதிர்ப்பு கம்மியா இருக்கறவங்க இந்த வேலைக்குப் பக்கத்துல வர வேணாம்.

டேங்க்ல வெச்சே குடுத்தா நம்ம கைய சாப்பாடுன்னு நெனச்சு கடிக்குமாமே? வேற டப்பால மாத்தி குடுக்கணுமா?

ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கற பேச்சு இது. நான் ரெண்டு மாதிரியும் பண்ணிப் பாத்தேன், டேங்க்ல குடுத்ததால எந்தப் பாம்பும் முரடா ஆகல. மாறா, டப்பாக்கு மாத்தி, சாப்பிட்ட வயித்தோட திரும்ப தூக்கி உள்ள வைக்கறப்பதான் பிரச்சினை: பாம்பு கக்கும், இல்ல சாப்பிட்ட வேகத்துல இருக்கறதால கைய அடிக்கும். பயமா இருந்தா ஒரு பழக்கம் பண்ணுங்க, தூக்கறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு கொக்கியாலயோ பேப்பர் உருளையாலயோ உடம்புல லேசா தொடுங்க. தொட்டா சாப்பாடு இல்லன்னு கொஞ்ச நாள்ல அதுவே புரிஞ்சுக்கும். கீழ போட்டிருக்கற மரத்தூள் வாய்ல ஒட்டும்னு தோணுச்சுன்னா ஒரு தட்டையான ஓடு மேல வெச்சு குடுங்க.

சாப்பிட்டு முடிச்சுடுச்சு, இப்ப தூக்கி கொஞ்சலாமா?

குறைஞ்சது 48 மணி நேரம் வேணாம், பெரிய எலின்னா புடைப்பு மறையற வரைக்கும் வேணாம். உள்ள நடக்கறது தெரிஞ்சா உங்களுக்கே தூக்கத் தோணாது. பர்மீஸ் பைத்தான வெச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, சாப்பிட்ட ரெண்டு மூணு நாள்ல குடல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனமாகுது, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பெருசாகுது, உடம்பு எரிக்கற சக்தி சும்மா இருக்கறப்ப இருந்தத விட பல மடங்கு ஏறுது. செரிச்சு முடிஞ்சதும் எல்லாம் பழையபடி சுருங்கிடும். கார்ன், பால் பைத்தான்ல இந்த ஏத்த எறக்கம் எவ்வளவுன்னு பாம்புக்குப் பாம்பு மாறும், ஆனா சாப்பாடுங்கறது அதுக்கு ஒரு பெரிய வேலை.

அந்த வேலைக்கு சூடு வேணும். சூடு இல்லன்னா எலி வயித்துக்குள்ளயே அழுகிடும். பால் பைத்தானுக்கு சூடான பக்கம் 31-33 டிகிரி, குளிரான பக்கம் 25-27. கார்னுக்கு சூடான பக்கம் 28-31, குளிரான பக்கம் 22-25. ஹீட் மேட்டோ பல்போ எதுவா இருந்தாலும் சூடு ஏறாம எறங்காம பாத்துக்கற தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணும். சாப்பாடு பத்தி என்கிட்ட கேக்கறவங்ககிட்ட நான் மொதல்ல திருப்பிக் கேக்கறதே டேங்க் சூடு எவ்வளவுன்னுதான், நிறைய பேரு அளந்தே பாத்திருக்க மாட்டாங்க.

அண்ணா, பாம்பு நேத்து சாப்பிட்டது எல்லாத்தையும் கக்கிருச்சு, பாவமா இருக்கு, உடனே இன்னொண்ணு குடுக்கட்டுமா?

குடுக்காதீங்க, அதுதான் பெரிய தப்பு. கக்கும்போது வயித்து அமிலம் எல்லாம் வெளிய வந்துருது, தொண்டை புண்ணாயிருக்கும். உடனே இன்னொண்ணு போட்டா அதையும் கக்கும், குட்டியா இருந்தா ரெண்டாவது தடவையே ரொம்ப ஆபத்து. 10-14 நாள் எதுவும் வேணாம், தண்ணி மட்டும் இருக்கட்டும், தூக்காதீங்க. அப்புறம் வழக்கமா குடுக்கற சைஸ்ல பாதி. அது தங்கிடுச்சுன்னா இன்னும் 10 நாள் கழிச்சு திரும்ப பாதி. அப்புறம் மெதுவா பழைய சைஸ்.

காரணம் பெரும்பாலும் மேல சொன்ன மூணுல ஒண்ணா இருக்கும்: எலி பெருசு, சூடு பத்தல, சாப்பிட்டதும் தூக்கிட்டாங்க. என்னோட மொத கார்ன் கக்கினதுக்கு நான்தான் காரணம், நண்பர் வந்தாருன்னு மறுநாளே தூக்கிக் காட்டினேன், அன்னிக்கு சாயங்காலம் டேங்க்ல பாதி செரிச்ச பிங்கி கெடந்துச்சு, அந்த நாத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு. மூணுமே சரியா இருந்தும் ரெண்டாவது தடவை கக்குதுன்னா குடல்ல ஒட்டுண்ணி இருக்கலாம், ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட போங்க, கக்கினதையும் ஒரு கவர்ல எடுத்துட்டுப் போங்க.

தண்ணி எவ்வளவு வைக்கணும்?

எப்பவும் வைக்கணும், பாம்பு கவுத்துடாத கனமான கிண்ணத்துல. ரெண்டு நாளுக்கு ஒரு தடவை மாத்துங்க, உள்ள மலம் போயிருந்தா உடனே மாத்தி கழுவுங்க. தண்ணி பத்தலன்னா சிறுநீரகம் கெடும், சட்டை உரிக்கறப்பவும் துண்டு துண்டா வரும். மலத்தோட வர்ற வெள்ளைக் கட்டி யூரேட், பாம்போட சிறுநீர் அதுதான், பயப்படாதீங்க.

கால்சியம் பவுடர், விட்டமின் சொட்டு எல்லாம் தடவணுமா?

முழு எலி சாப்பிடற பாம்புக்கு வேணாம், சிக்கன் கேள்வியில சொன்ன மாதிரி எல்லாம் எலிக்குள்ளயே இருக்கு. அதிகமா விட்டமின் குடுத்தாலும் கெடுதல்தான். பூச்சி தின்ற பாம்புகளுக்கு மட்டும் பூச்சி மேல கால்சியம் தூவணும்.

சீக்கிரம் பெருசாகணும், வாரத்துக்கு ரெண்டு எலி போட்டா நல்லா வளருமா?

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப கவலைப்பட வைக்கும். நிறைய போட்டா வேகமா வளரும், உண்மைதான். ஆனா அதிகமா வர்ற சாப்பாடு கொழுப்பா ஈரல்லயும் குடல சுத்தியும் போய் சேரும். வெளிய பாத்தா பெரிய, அழகான பாம்பு, உள்ள ஈரல் கொழுப்பு பிடிச்சுக் கெடக்கும். முட்டை போடணும்னு சின்ன வயசுலயே பெட்டைக்கு எடை ஏத்தறாங்க, அது முட்டை சிக்கிட்டு சாகற வரைக்கும் போகும்.

பாம்புக்கு அவசரமே இல்ல. கார்ன் முழு நீளத்துக்கு, அதாவது 120-150 சென்டிமீட்டருக்கு வர மூணு வருஷம் பக்கம் ஆகும், அப்புறம் 15-20 வருஷம் உங்ககூட இருக்கும். பால் பைத்தான் 20-30 வருஷம். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல வந்த ஒரு பால் பைத்தான் 2020-ல 7 முட்டை போட்டுச்சு, அப்ப அதுக்கு குறைஞ்சது 62 வயசு. இத்தனை வருஷம் வாழக்கூடிய ஜீவன ஒண்ணரை வருஷத்துல பெருசாக்கி என்ன ஆகப் போகுது? மேல சொன்ன இடைவெளிய மாத்தாம குடுங்க, வளரும்.

என் பாம்பு குண்டா ஒல்லியான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

மேல இருந்து பாக்காதீங்க, உடம்ப குறுக்கா வெட்டினா எந்த வடிவம்னு யோசிங்க. கார்ன் மாதிரி பாம்பு பிரெட் துண்டு வடிவத்துல இருக்கணும், கீழ தட்டை, மேல மெதுவான வளைவு. பால் பைத்தான், போவாவுக்கு முதுகு லேசா கூரை மாதிரி தெரியலாம். முதுகெலும்பு கத்தி மாதிரி துருத்திட்டு ரெண்டு பக்கமும் குழி விழுந்தா ஒல்லி. முழு உருளையா, அமுக்கினா மெத்துன்னு இருந்து, சுருண்டு படுக்கறப்ப வளைவுல மடிப்பு விழுந்து, சாப்பிடாத நாள்லயும் செதில் நடுவுல தோல் தெரிஞ்சா குண்டு. வால் ஆரம்பிக்கற எடத்துல உடம்பு சட்டுன்னு பெருத்து அப்புறம் சட்டுன்னு மெலிஞ்சாலும் குண்டுதான்.

குண்டான பாம்ப பட்டினி போடாதீங்க. சைஸ ஒண்ணு கம்மி பண்ணி, இடைவெளிய கொஞ்சம் கூட்டி, டேங்க்ல ஏறி எறங்க கிளை வைங்க. மாசத்துக்கு ஒரு தடவை கிராம் கணக்குல காட்டற தராசுல நிறுத்துப் பாத்து ஒரு நோட்டுல எழுதுங்க: தேதி, எலி எடை, சாப்பிட்டுச்சா, சட்டை எப்ப உரிச்சுது, மலம் எப்ப போச்சு, பாம்பு எடை. பின்னாடி எந்தப் பிரச்சினை வந்தாலும் டாக்டர் மொதல்ல கேக்கறது இதத்தான்.

சின்ன டேங்க்ல வெச்சா சின்னதாவே இருந்துருமாமே?

இல்ல. பாம்பு டேங்க அளந்து பாத்து வளரறது இல்ல, இனமும் சாப்பாடும்தான் வளர்ச்சிய முடிவு பண்ணுது. சின்ன டேங்க்ல பெரிய பாம்பு மன உளைச்சல்ல சாப்பாட்ட விட்டுடும், அதப் பாத்துதான் வளரலன்னு சொல்லியிருப்பாங்க.

உயிரோட எலி சாப்பிட்டு பழகினது, ஃப்ரோஸன் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்குது. என்ன பண்றது?

பொறுமையா மாத்தலாம், என்கிட்ட இருக்கறதுல ரெண்டு அப்படி மாறினதுதான். மொதல்ல சூடு. பால் பைத்தானுக்கு மேல் உதட்டுல வரிசையா சின்னச் சின்னக் குழி இருக்கும், அதுதான் சூட்டப் பாக்கற கண்ணு மாதிரி. ஒடம்பு ஆறிப் போன எலி அதுக்கு கல்லுதான். காட்டறதுக்கு சரியா முன்னாடி எலியோட தலைய மட்டும் ஹேர் டிரையரால ஒரு நிமிஷம் சூடு பண்ணுங்க. விளக்க அணைச்சுட்டு, பொழுது சாஞ்ச அப்புறம், ஒளியற எடத்தோட வாசல்ல கொண்டு போய் எலி நடக்கற மாதிரி லேசா அசைங்க. மூஞ்சில குத்தாதீங்க, பக்கவாட்டுல மெதுவா நகத்துங்க. நாக்கு வேகமா வந்து போனா ஆர்வம் வந்துருச்சுன்னு அர்த்தம், அப்ப கைய ஆட்டாம இருங்க.

அப்பவும் எடுக்கலன்னா வாசல்லயே வெச்சுட்டு போயிடுங்க, காலையில இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. மறுநாளே திரும்ப காட்டாதீங்க, ஒரு வாரம் கழிச்சு. தினமும் காட்டிக் காட்டி பாம்ப பயமுறுத்தறதுதான் நிறைய பேரு பண்ற தப்பு.

முட்டைய விட்டு வந்து பத்து நாள் ஆச்சு, குட்டி ஒண்ணுமே சாப்பிடல. வாயத் தொறந்து ஊட்டிடவா?

இன்னும் நேரம் இருக்கு. குட்டி வயித்துல முட்டையோட மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், மொத சட்டை உரிக்கற வரைக்கும், அதாவது 7-14 நாள், அதுவே போதும். உரிச்ச அப்புறம்தான் மொத சாப்பாடு. எடுக்கலன்னா காத்து ஓட்டை போட்ட ஒரு சின்ன டப்பால கசக்கின பேப்பரும் சூடான பிங்கியும் குட்டியும் போட்டு, இருட்டான, கதகதப்பான எடத்துல ராத்திரி முழுக்க விடுங்க. எனக்கு இதுலயே முக்கால்வாசி குட்டி சாப்பிட்டுடுச்சு. அடுத்தது வாசனை மாத்தறது: காட்டுல பல்லி தின்ற இனத்துக்கு பல்லி உரிச்ச தோல பிங்கி மேல தேய்க்கறது, ஹாக்நோஸ்ங்கற பாம்பு இனத்துக்கு டூனா மீன் டப்பாவுல இருக்கற தண்ணில தொட்டு குடுக்கறது. பிங்கியோட மண்டையில சின்னதா கீறி மூளை வாசனை வர வைக்கறதும் உண்டு, கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா நிறைய குட்டிய காப்பாத்தின வழி அது.

ஊட்டறது கடைசி. குட்டி எடை எறங்கிட்டே வந்து, உரிச்சு நாலஞ்சு வாரம் ஆகியும் எதுவும் எடுக்கலன்னா மட்டும், அதுவும் பழகினவங்க பக்கத்துல இருந்து காட்டிக் குடுக்கணும். பிங்கியோட மூக்க வாய்க்குள்ள மெதுவா வெச்சுட்டு அசையாம இருந்தா பல குட்டி தானா முழுங்கும். தொண்டைக்குள்ள தள்ளறது டாக்டர் வேலை.

கார்ட்டர் ஸ்நேக்குக்கு கோல்ட்ஃபிஷ் வாங்கிப் போடறேன், விரும்பி சாப்பிடுது. ஓகேதானே?

ஓகே இல்ல, இன்னிக்கே நிறுத்துங்க. கோல்ட்ஃபிஷ்ல தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது விட்டமின் பி1-ஐ அழிச்சுடும். மாசக்கணக்கா சாப்பிட்டா பாம்பு நடுங்க ஆரம்பிக்கும், நேரா போகத் தெரியாது, கவுந்து விழுந்தா திரும்பத் தெரியாது. ஒறைய வெச்சாலும் அந்த நொதி போகாது. அதுக்குப் பதிலா கப்பி மீன் முழுசா குடுக்கலாம், பெரிய மண்புழு குடுக்கலாம். உரம் தயாரிக்க வளக்கற செவப்புப் புழு மட்டும் வேணாம், அதுல இருந்து வர்ற மஞ்சத் திரவம் பாம்புக்கு ஆகாது. நிறைய கார்ட்டர் பிங்கியையும் ஏத்துக்கும், மீன்ல தேய்ச்சு குடுத்தா பழகிடும், அப்புறம் சத்து பத்தி ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல.

வீட்டுல பொறி வெச்சு பிடிச்ச எலிய போடலாமா? சும்மாதானே கெடைக்குது

வேணாம். அந்த எலி எங்க எலி மருந்து தின்னுட்டு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, அந்த விஷம் பாம்புக்கும் போகும். உண்ணி, குடல் புழு எல்லாம் சேந்து வரும்.

ரெண்டு பாம்பு ஒரே டேங்க்ல இருக்கு, ஒரே நேரத்துல ஆளுக்கு ஒண்ணு போடறேன்

மொதல்ல பிரிங்க. ஒரே எலிய ரெண்டு பக்கமும் பிடிச்சா ரெண்டும் விடாது, ஒண்ணு இன்னொண்ணையும் சேத்தே முழுங்க ஆரம்பிக்கும். கிங் ஸ்நேக் இன்னும் மோசம், காட்டுல அதோட சாப்பாட்டுல மத்த பாம்பும் உண்டு, டேங்க்ல கூட இருக்கறது கூட்டாளியா இருந்தாலும் அதுக்கு அது சாப்பாடுதான். தவிர ரெண்டு பேர் இருந்தா எது கக்குச்சு, எது மலம் போச்சுன்னு நோட்டுல எழுதவே முடியாது.

பால் பைத்தான் மூணு மாசமா சாப்பிடல, செத்துருமோன்னு தூக்கமே வரல ப்ரோ

எடை எவ்வளவு எறங்கிருக்குன்னு சொல்லுங்க, மாசக் கணக்கு அப்புறம். வளந்த பால் பைத்தான் குளிர் மாசங்கள்ல, இனப்பெருக்க நேரத்துல, முக்கியமா ஆண், மாசக்கணக்கா சாப்பாட்ட விடறது சகஜம். கண்ணு பால் மாதிரி மங்கி சட்டை உரிக்கப் போற நேரத்துலயும் விடும், அது ரெண்டு வாரத்துல சரியாயிடும். 1500 கிராம் பாம்பு 1450 ஆயிருந்தா கவலைப்பட ஒண்ணுமே இல்ல. 10 சதவீதத்துக்கு மேல எறங்கினா, வாய்ல சளி, மூச்சு விடறப்ப விசில் சத்தம், வாய் ஓரத்துல சீழ், தொங்கற தோல், இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க. குட்டியா இருந்தா மூணு மாசம் காத்திருக்கவே கூடாது, நாலஞ்சு வாரத்துலயே காட்டணும்.

எல்லாம் நல்லா இருந்தா, டேங்க சரி பாருங்க: ரெண்டு பக்கத்து சூடு, உடம்பு ஒட்டி உரசற அளவுக்கு சின்ன ஒளியிடம், டேங்க மூணு பக்கம் மறைச்சிருக்கீங்களா, ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம் இருக்கா. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் காட்டுங்க, வழக்கத்த விட ஒரு சைஸ் கம்மியா. என்கிட்ட இருக்கற ஆண் அஞ்சு மாசம் ஒண்ணும் தொடல, நான் தராச எடுத்து வாராவாரம் நிறுத்திட்டே இருந்தேன், மொத்தமா எறங்கினது 60 கிராம்தான். ஒரு நாள் ராத்திரி தண்ணி மாத்த கதவத் தொறந்தா ஒளியிடத்துக்கு வெளிய தலைய மட்டும் நீட்டி கழுத்த எஸ் மாதிரி வளைச்சு வெச்சுட்டு காத்துட்டு இருந்துச்சு. அன்னிக்கு அடிச்ச அடியில டாங்ஸே கையில இருந்து போயிடுச்சு.

பத்து நாள் வெளியூர் போறேன், பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட சாப்பாடு போடச் சொல்லிட்டுப் போகவா?

வேணாம். கெளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி கடைசி சாப்பாட்ட குடுங்க, அப்பதான் கக்கினாலும் நீங்க வீட்டுல இருப்பீங்க. தேதி ஒத்து வரலன்னா ஒரு தடவைய விட்டுடுங்க, நல்லா இருக்கற பாம்புக்கு ஒண்ணும் ஆகாது. தம்பிகிட்ட ரெண்டே வேலை சொல்லுங்க, ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணி மாத்தறது, தெர்மோஸ்டாட்ல என்ன நம்பர் காட்டுதுன்னு போட்டோ எடுத்து அனுப்பறது. கதவப் பூட்டினானான்னு மட்டும் மறக்காம கேட்டுக்கோங்க.